வெயில் அணி

பூதக்களம் என்ற வீடியோ விளையாட்டை ஆடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன்பே வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள். பார்க்கிற தோரணையில் விவசாயிகளே தோற்றுப்போவார்கள். கவலைதான் வேறு. மழை வருமென்றால் தவளையாண்டி என்ற பூதத்தை இறக்கலாமா, வெயில் நிற்குமென்றால் கொள்ளிவாயனைப் பழக்கலாமா என்பது இவர்களுடைய தலைபோகிற விஷயம்.

மற்றப் பூதச் சண்டை விளையாட்டுகளில் மழையும் வெயிலும் கைவசம் இருக்கும். ஒரு பூதம் வாயைத் திறந்தால் மழை கொட்டும், இன்னொன்று இறகை விரித்தால் வெயில் கொளுத்தும். பூதக்களத்தைச் செய்த புண்ணியவான்கள் அந்தச் சௌகரியத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஊருக்கு ஒரு களம் வைத்தார்கள். அந்த ஊரில் அந்த நேரத்தில் நிஜமாக என்ன வானிலையோ அதுதான் திரைக்குள்ளும். தூத்துக்குடியில் தூறினால் தூத்துக்குடிக் களத்தில் தூறும். அதை அளக்கும் கருவி ஊருக்கு வெளியே உப்பளங்களுக்கு நடுவில் ஒரு கம்பத்தின் உச்சியில் சுழன்றுகொண்டிருந்தது.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலையே ஆறு பூதங்களை அறிவித்துவிட வேண்டும். சொந்தக் களத்துக்காரர் முதலில், வெளியூர்க்காரர் ஒரு மணி நேரம் கழித்து. பூதங்களின் முகத்தை உலகமே பார்க்கலாம். எந்தப் பூதத்துக்கு என்ன வித்தை பழக்கியிருக்கிறது என்பது மட்டும் களத்தில் இறங்கும்வரை ரகசியம். ஆறு முகங்களைப் பார்த்தாலே நாளைக்கு வானம் என்ன செய்யும் என்று அந்த ஆட்டக்காரர் நினைக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

தூத்துக்குடிக் களத்தில் ஜெனிலாவை யாரும் ஜெயித்ததில்லை. பூதங்களைப் பழக்குவதில் அவளைவிடக் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அவள் உப்பளத்தில் வளர்ந்த பெண். மேற்குக் காற்று ஓய்ந்து கடலிலிருந்து ஈரக்காற்றான கொண்டல் திரும்புவதையும், பாத்தியில் உப்பு பூக்கத் தயங்குவதையும், மிதித்த உப்பு உள்ளங்காலில் பிசுபிசுவென்று ஒட்டுவதையும் நடக்கப் பழகிய நாளிலிருந்தே அறிந்தவள். அம்மா மரியபுஷ்பம் இன்றைக்கும் அளத்தில் உப்பு வாரிக்கொண்டுதான் இருந்தாள். பெண்கள் சங்கமாகச் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த அளம் அது. விளைந்த உப்பை வரப்பில் அம்பாரமாகக் குவித்து, மழைமாதங்களில் அதை விற்றுச் சாப்பிடுவார்கள். மழைமாதத்தில் அளத்தில் வேறு வேலை கிடையாது.

அந்தப் பெண்களுடைய ஃபோனுக்குத் தினமும் மாலையில் வானிலை அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி வரும். 'தூத்துக்குடிக் களம்: நாளை மழை' அல்லது 'நாளை வறண்ட வானிலை.' அதன் கீழே சின்ன எழுத்தில், 'முதன்மைக் கணிப்பு: ஜெனிலா.' மரியபுஷ்பம் அந்தக் கடைசி வரியை மட்டும் எல்லோரிடமும் ஒருமுறை வாசித்துக் காட்டுவாள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவர்கள் யாரும் அங்கே இல்லை. இருந்தாலும் வாசிப்பாள்.

"உன் பொம்மைச் சண்டைக்கும் வானத்துக்கும் என்னளா சம்பந்தம்?" என்று முத்துப்பேச்சி ஒருநாள் கேட்டாள். அவள் சங்கத்தின் தலைவி. குரல் பக்கத்து அளத்துக்கும் கேட்கும்.

ஜெனிலாவுக்கு அதை விளக்குவது பிடிக்கும். "லட்சக்கணக்கான பேரு வானத்தப் பாத்துப் பாத்து அணி போடுதாங்க சித்தி. தப்பாப் போட்டா தோத்துருவாங்க. சாட்டிலைட்டுக்குத் தப்பாச் சொன்னா வலிக்காது. இவங்களுக்கு வலிக்கும். அதனால கவனமாப் பாப்பாங்க. வானிலைக்காரங்க இவங்க போடுத அணி எல்லாத்தையும் ஒரு மெஷின்ல போட்டு, ஊருக்கு ஊரு மழையா வெயிலான்னு கண்டுபிடிக்காங்க. யாரு அடிக்கடி சரியாச் சொல்லுதாங்களோ அவங்க பேச்சுக்கு அங்க மதிப்பு ஜாஸ்தி."

"அப்ப இந்த ஊருக்கு மழை வருமான்னு நீதான் சொல்லுதே."

"ஏறக்குறைய," என்றாள் ஜெனிலா. தன்னடக்கம் போலச் சொன்னாலும் அது தன்னடக்கம் இல்லை.

அரையிறுதி ஆட்டத்துக்கு எதிராளியாகக் கொச்சிக்காரன் ஒருவன் வந்தான். கேரளத்து மழையில் பிறந்து வளர்ந்தவன். மழை அணியை எப்படி உடைப்பது என்பதில் கரைகண்டவன். தவளையாண்டியின் முகம் தெரிந்தாலே போதும், அதன் வேகத்தைக் கட்டிப்போடும் பூதங்களை வரிசையாக இறக்குவான். ஜெனிலாவின் அணிக்கு வியூகம் வகுத்துக்கொடுத்தவன் நிரஞ்சன், சென்னைக்காரன். கணக்கில் புலி. வீட்டை விட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்ததில்லை என்று அவனே பெருமையாகச் சொல்வான்.

"நாளைக்கு மழை நிச்சயமா?" என்று ஃபோன் திரைக்குள்ளிருந்து கேட்டான்.

"நிச்சயம் அண்ணே. மத்தியானத்துக்கு மேல பிடிச்சுக்கிடும்."

"அப்போ மழை அணியைக் காட்டினா மாட்டிக்குவோம்."

"காட்டலயே. வெயில் அணியைக் காட்டுதேன்."

இதற்காகத்தான் அவள் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கொள்ளிவாயனைப் பழக்கியிருந்தாள். வாயில் தீயோடு திரிகிற அந்தப் பூதத்தை வெயில் அணியில் மட்டுமே எல்லோரும் சேர்ப்பார்கள். மழையில் அதன் தீ பாதியாகிவிடும். ஜெனிலா அதற்குத் தீயே கற்றுக்கொடுக்கவில்லை. நீராவி மூச்சு கற்றுக்கொடுத்தாள். மழை பெய்தால் இரட்டிப்பாகும் வித்தை அது. அதைக் கொள்ளிவாயனுக்குக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதையே பலர் மறந்துவிட்டிருந்தார்கள். மற்ற ஐந்தும் அப்படித்தான். பனையேறி, வெண்கலக் கழுகு, பாலைப் பல்லி என்று பார்த்தால் நாக்கு வறள்கிற முகங்கள். உள்ளே இடியும் ஈரமும்.

நிரஞ்சன் ஆறு முகங்களையும் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தான். பிறகு, "இது அழகும்மா. இதுதான் ஆட்டம்" என்றான்.

அழகுதான். அந்த மாலையில் அவள் பொத்தானை அழுத்தி வெயில் அணியை அறிவித்தபோது அவள் மனதில் கொச்சிக்காரனின் முகம் மட்டும்தான் இருந்தது. வேறு யாருடைய முகமும் இல்லை.

மறுநாள் ஆட்டம் ஜன்னலே இல்லாத குளிர்சாதன அரங்கத்தில் நடந்தது. மழை வந்த சத்தம் உள்ளே கேட்கவில்லை. திரையில்தான் முதல் துளி விழுந்தது. கொச்சிக்காரன் வெயிலுக்குத் தயாராகக் கொண்டுவந்த பூதங்கள் நனைந்து நின்றன. கொள்ளிவாயன் வாயைத் திறந்தது, தீக்குப் பதில் ஆவி சீறியது. அரங்கமே எழுந்து நின்றது. "வெயிலைக் காட்டி மழையில் அடித்துவிட்டாள்!" என்று வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினார். மழை வலுக்க வலுக்கக் கைதட்டலும் வலுத்தது. ஜெனிலாவும் இன்னும் பெய், இன்னும் பெய் என்று தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெயித்த கையோடு ஒரு டப்பா மக்ரூன் வாங்கினாள். சங்கத்துப் பெண்களுக்கு என்று நினைத்துத்தான் வாங்கினாள். ஸ்கூட்டரில் ஈரச்சாலையில் பாடிக்கொண்டே போனாள். மழை விட்டிருந்தது, காற்று குளுகுளுவென்று இருந்தது. உப்பளச் சாலைக்கு வண்டியைத் திருப்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு உப்பளத்துப் பெண்ணுக்கு மழை என்றால் உப்பு கரையும் என்று உறைக்க அவ்வளவு நேரம் பிடித்தது.

அம்பாரங்கள் திறந்து கிடந்தன. வடக்கு வரப்பில் இருந்தவை உச்சி மழுங்கி, பக்கத்தில் குடைந்து, கரைந்த உப்பு பால் மாதிரி வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் மரியபுஷ்பத்தைச் சுற்றி நின்றார்கள்.

"நான் சொன்னேனா இல்லையா?" முத்துப்பேச்சியின் குரல் தூரத்திலேயே கேட்டது. "காலையிலயே கொண்டல் திரும்பிட்டு, கால்ல பிசுபிசுங்கு, மூடிருவோம்னேன். இவதான் ஃபோனத் தூக்கிக் காட்டினா. நாளைக்கு லாரி வருது, மூடினா ஈரம் போகாது, ஈர உப்ப அவன் ஏத்த மாட்டான்னா. என் மக வெயில் போட்டிருக்கா, அவ சொன்னா சொன்னதுதான்னா."

"ஆமா. நான்தான் சொன்னேன்," என்றாள் மரியபுஷ்பம். "எனக்கும் பிசுபிசுன்னுதான் இருந்துச்சு. ஆனாலும் நான்தான் வேண்டாம்னேன். ஏசணும்னா என்னை ஏசுங்க."

ஜெனிலா மக்ரூன் டப்பாவோடு நின்றாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த ஈரத்தில், மூன்றே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அரங்கத்தில் ஆயிரம் பேர் முன்னால் நிமிர்ந்து நின்றவளுக்கு இந்தப் பெண்கள் முன்னால் நாக்கு எழவில்லை.

முத்துப்பேச்சி திரும்பி அவளைப் பார்த்தாள். குரல் தணிந்தது. "ஏளா, ஜெயிச்சிட்டியாமே? நல்லாயிரு. கையில என்னது, மக்ரூனா? கொண்டா."

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் எடுக்கவில்லை. கரைகிற அம்பாரத்தின் பக்கத்தில் நின்று, நஷ்டப்பட்டவள் அவளை வாழ்த்தி இனிப்பு தின்றாள். ஜெனிலாவுக்கு முகமெல்லாம் எரிந்தது.

அதற்கடுத்த வாரம் முழுக்க அவள் காரணங்களைச் சேகரித்தாள். விதிப்படிதான் ஆடினாள். அணியை வைத்து வானிலை சொல்லச் சொல்லி அவள் யாரையும் கேட்கவில்லை. விளையாட்டில் சேரும்போது 'சம்மதம்' என்று தட்டியது உண்மைதான், அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? இப்படிக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றும் கச்சிதமாக இருந்தது. ஒன்றுகூட அம்மாவின் முன்னால் உட்கார்ந்து சோறு தின்ன உதவவில்லை.

மரியபுஷ்பத்தோடு அளத்தில் யாரும் பேசவில்லை. மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தால் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. உப்புக் கூடையைத் தலைக்கு ஏற்றிவிட ஒரு கை வேண்டும். அந்தக் கையும் வரவில்லை. முழங்காலில் வைத்து, வயிற்றில் முட்டுக்கொடுத்து, அவளே ஏற்றிக்கொண்டாள். இதெல்லாம் ஜெனிலாவுக்கு வேறு ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. வீட்டில் அம்மா, "மழை யாரு கையில இருக்கு? உனக்கும் ஒரு தடவ தப்பாதா?" என்று மட்டும் சொன்னாள். மகளுக்கு ஆறுதல் சொல்கிறாளாம்.

இறுதி ஆட்டமும் தூத்துக்குடிக் களத்திலேயே அமைந்தது. காற்று மறுபடி கொண்டலுக்குத் திரும்பியிருந்தது. ஜெனிலா இம்முறை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தவளையாண்டி, மின்னல் விரால், சேற்றுக் குட்டி என்று பச்சையாக மழை அணியை அறிவித்தாள். தோற்றாலும் தோற்கட்டும் என்று இருந்தது. ஃபோனை எடுத்துச் செய்திக்காகக் காத்திருந்தாள்.

'தூத்துக்குடிக் களம்: நாளை வறண்ட வானிலை. முதன்மைக் கணிப்பு: ஜெனிலா.'

நிரஞ்சனைக் கூப்பிட்டாள். "அண்ணே, நான் மழை போட்டிருக்கேன். மெசேஜ் வறண்ட வானிலைன்னு வருது."

"வரும்," என்றான் நிரஞ்சன். அவனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "போன வாரம் நீ கொடுத்த அடியில அந்த மெஷின் பாடம் படிச்சிருச்சு. பெரிய ஆட்டம், சொந்தக் களம், ஜெனிலான்னா அவ காட்டுறதுக்கு நேர் எதிர்தான் நடக்கும்னு முடிவு பண்ணியிருக்கு. நீ மழைன்னா அதுக்கு வெயில்."

"ஆனா நான் நிஜமாவே மழைன்னுதான் போட்டிருக்கேன்."

"எனக்குத் தெரியும். அதுக்கு எப்படித் தெரியும்?"

"யார்கிட்டயாவது சொல்லி மாத்தச் சொல்லுங்க."

"ஆள் யாராவது உட்கார்ந்து எழுதினா மாத்தச் சொல்லலாம். அது தானா கத்துக்குறது. நீ ஊருக்கு உண்மை சொல்லணும்னா இன்னிக்கு வெயில் அணி போட்டிருக்கணும். போட்டா அடுத்த தடவை அதையும் கத்துக்கும்." சிரித்தான். "விடும்மா. எதிராளியும் குழம்பியிருப்பான். நமக்கு நல்லதுதானே?"

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனாள். தெற்கு வரப்பு அம்பாரங்கள் எல்லாம் திறந்து கிடந்தன. மிச்சம் இருந்ததே அவைதான். மறுநாள் லாரி வருவதாக இருந்தது. பெண்கள் வேலையில் இருந்தார்கள். மரியபுஷ்பம் எல்லோருக்கும் தள்ளி, கடைசிப் பாத்தியில் தனியாக வாரிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, மத்தியானம் மழை வரும். மூடிருங்க."

முத்துப்பேச்சி இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்து நீட்டினாள். "வறண்ட வானிலைன்னு போட்டிருக்கே."

"அது தப்பு."

"உன் பேரப் போட்டுத்தானளா வந்திருக்கு?"

பெண்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். ஜெனிலா கரைந்துபோன வடக்கு வரப்பைப் பார்க்காமல் பேச முயன்றாள்.

"நான் மழைன்னுதான் போட்டேன். மெஷின் அத நம்பல. ஏன்னா போன வாரம் நான் பொய்யாப் போட்டேன். மழை வரும்னு எனக்கு நல்லாத் தெரியும் சித்தி. தெரிஞ்சேதான் வெயில் அணி போட்டேன். கொச்சிக்காரன ஏமாத்த. எங்கம்மா மேல ஒரு தப்பும் கிடையாது. எல்லாம் நான் பண்ணதுதான்."

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை போல இருந்தது.

"அணி போடும்போது எங்கள நெனச்சியா?" முத்துப்பேச்சி கேட்டாள். அவள் குரல் இவ்வளவு சின்னதாகக்கூட வரும் என்று யாருக்கும் தெரியாது.

"நெனக்கல சித்தி."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட நெனக்கல."

நினைத்துவிட்டுச் செய்தேன் என்றால்கூடக் கோபப்பட ஏதாவது இருந்திருக்கும். முத்துப்பேச்சி தலையாட்டினாள். "அன்னைக்குச் சொன்னது பொய்ங்கே. இன்னைக்குச் சொல்லுதது நெசங்கே. இப்ப நான் எத நம்ப? லாரியத் திருப்பி அனுப்பிட்டு மழையும் வரலன்னா இந்த உப்ப யாரு எடுப்பா?"

தன்னை நம்பச் சொல்ல வந்தவள், தன்னை ஏன் நம்பக்கூடாது என்பதற்குத் தானே சாட்சி சொல்லிவிட்டு நின்றாள்.

"ஏட்டி, ஏன் சொன்னே?"

மரியபுஷ்பம் பின்னால் வந்து நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது. "நான்தான் தாங்கிட்டு இருந்தேனே. இன்னும் பத்து நாள்ல அதுவாச் சரியாப் போயிருக்கும். இவ்வளவு பேரு முன்னால நீ ஏன் சொல்லணும்?"

"ஒனக்குத் தெரியுமா புஷ்பம்?" என்றாள் முத்துப்பேச்சி.

"மறுநாளே தெரியும். டீக்கடை டிவில போட்டுப் போட்டுக் காட்டினான். வெயிலக் காட்டி மழையில அடிச்சான்னு, என் மக படத்தோட. சுத்தி நின்னவன் எல்லாம் கை தட்டினான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நானும் அங்கன நின்னு சிரிச்சேன். அழுதா கேப்பாங்கல்லா?"

ஜெனிலாவுக்கு இது தெரியாது. ஒரு வாரமாக அம்மாவிடமிருந்து மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். மறைத்தவள் அம்மா.

முத்துப்பேச்சி யாரையும் பார்க்காமல் பாத்திக்குள் இறங்கினாள். உப்பை மிதித்து, காலைத் தூக்கி, உள்ளங்காலைத் தடவிப் பார்த்தாள். கிழக்கே கடல் பக்கம் கொஞ்ச நேரம் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு கரையேறினாள்.

"மூடுங்கடி," என்றாள். "இவ சொன்னதுக்கும் இல்ல, ஃபோனு சொன்னதுக்கும் இல்ல. என் கால்ல ஒட்டுது, அதுக்கு. லாரிக்காரன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

தார்ப்பாய்களை இழுத்து வந்தார்கள். பெரிய அம்பாரத்துக்கு நாலு மூலைக்கும் ஆள் வேண்டும். ஒரு மூலை சும்மா கிடந்தது. ஜெனிலா ஓடிப்போய் அதைப் பிடித்தாள். முத்துப்பேச்சி வந்து அவள் விரல்களிலிருந்து தார்ப்பாயை விடுவித்தாள். பிறகு தலையைத் திருப்பிச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"புஷ்பம், என்ன பாத்துக்கிட்டு நிக்கே? வா, இந்த மூலையப் பிடி."

மரியபுஷ்பம் வந்து பிடித்தாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் அவளை ஒருத்தி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். தார்ப்பாய் எழும்பி, காற்றில் படபடத்து, அம்பாரத்தின் மேல் இறங்கியது. ஜெனிலா வரப்பில் வெறுங்கையோடு நின்றாள். பையில் ஃபோன் அதிர்ந்தது. நிரஞ்சன். அரங்கத்துக்குப் போக இன்னும் நேரம் இருந்தது, போகத் தோன்றவில்லை. அணைத்துவிட்டாள்.

மேகம் இருந்தது. மழை இல்லை. பெண்கள் அடுத்த அம்பாரத்துக்கு நகர்ந்தார்கள், அதற்கடுத்ததுக்கு நகர்ந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு ஜெனிலாவைப் பார்த்தாள். குனிந்து கயிற்றை இழுத்தாள். இந்த மழை வராவிட்டால் இனி இந்த ஊரில் ஜெனிலாவின் பேச்சை ஒரு நாயும் மதிக்காது. வந்துவிட்டால் பாத்திகளில் விளைந்து நிற்பதெல்லாம் போகும், இந்த வருஷத்து உப்பு அதோடு முடிந்தது. ஜெனிலா அண்ணாந்து பார்த்தாள். உதடு தானாக அசைந்தது.

"என்னளா முணுமுணுக்கே?" முத்துப்பேச்சி அம்பாரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"மழை வரணும்னு வேண்டுதேன் சித்தி."

முத்துப்பேச்சியின் கை நின்றது.

"அளத்துல நின்னுக்கிட்டா?"

ஜெனிலா தலையைக் குனிந்துகொண்டாள். மரியபுஷ்பம் மகளையும் பார்க்கவில்லை, முத்துப்பேச்சியையும் பார்க்கவில்லை. தன் மூலைக் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.